கெட்டியா ஊத்தாதீங்க

எங்க சித்தப்பா பூட்டு ரிப்பேர்காரர். எந்தப் பூட்டானாலும் ஒரு கம்பியை உள்ளே விட்டு, தலையைச் சாய்த்து, காதை ஒட்டி வைத்துக் கேட்டுத் திறந்துவிடுவார். சூயிங்கம் அடைத்த பூட்டைக்கூடத் திறந்திருக்கிறார். அடைத்தது யார் என்று என்னிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. தெருவில் அவருக்குக் கெட்டிக்காரர் என்று பெயர். வீட்டில் குளியலறைக் கதவைக் கயிறு போட்டுத்தான் கட்டுவோம்.

சித்தியின் சீப்பு, அவர் இறந்த பிறகும், கண்ணாடிக்குக் கீழேயே கிடந்தது. ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் சீப்பு, இரண்டு பல் கிடையாது. இடுக்கில் முடி சிக்கியிருந்தது. "இதைச் சுத்தம் பண்ணி வைக்கத் தெரியாதா?" என்று தினம் சித்தியிடம் கத்திய சித்தப்பா, இப்போது அதன் பக்கம் யாரையும் விடுவதில்லை.

"கவர்ல போட்டு பீரோவுல வச்சிடலாம்ப்பா," என்றாள் அக்கா, அவர் மகள்.

"சின்னதா இருந்தா தொலைஞ்சிடும்மா. சாவியைத் தொலைக்கிறவங்களாலதானே என் பொழப்பே ஓடுது."

அவருக்குச் செங்கல் அளவுக்கு ஒரு கட்டி வேண்டும், தண்ணீர் மாதிரி தெளிவாக, நடுவில் சீப்பு. தொலைக்க நினைத்தாலும் தொலைக்க முடியாது. அக்காவுக்கு மனசில்லை. "அம்மா முடிப்பா அது. வேற இல்ல நம்மகிட்ட," என்றாள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

சீப்பைப் போடுமுன் ஒவ்வொன்றாகச் சோதித்தார். முதலில் கண்ணாடி மாதிரி இருக்கிற மெழுகு. பார்க்க அழகுதான், ஆனால் ஈ உட்கார்ந்தாலே குழி விழும்போல இருந்தது. அடுத்து படகுக்குப் பூசுகிற ரெசின் பிசின். நாற்றத்தில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். காய்ந்த துண்டும் காமாலைக் கண் மாதிரி மஞ்சளடித்தது.

கடைசியில் எபாக்ஸி, இரண்டு பாட்டில் திரவத்தைக் கலந்தால் கல்லாக இறுகுகிற பிசின். கடையில் இரண்டு விதம் இருந்தது. ஒன்று மேஜைப் பலகைக்கு மேலே பூசுவது, ராத்திரியோடு இறுகிவிடும். இன்னொன்று மெதுவாக, நாள்கணக்கில் இறுகும். சித்தப்பா எதற்கு என்று சொல்லவில்லை. பெண்டாட்டி சீப்பைப் பற்றி முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது? "ஒரு சின்ன வேலைங்க," என்றார். கடைக்காரர் மேஜைக்கானதைக் கொடுத்து, "கெட்டியா மட்டும் ஊத்தாதீங்க," என்றார்.

வீட்டில் பாட்டில் மூடியில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தோம். காலையில் கல் மாதிரி இறுகி, பளிங்கு மாதிரி இருந்தது. சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் திரவம் தேன்போலக் கெட்டியாக இருந்தது. கடைக்காரர் எச்சரித்தாரே! பாட்டில்களை வெந்நீரில் போட்டு இளக்கினார். தண்ணீராக ஓடியது. ஐஸ்கிரீம் டப்பாவில் நூல் கட்டிச் சீப்பைத் தொங்கவிட்டு, இரண்டையும் கலந்து விளிம்பு வரை ஊற்றினார். குமிழியெல்லாம் மேலே வந்து உடைந்தது.

அக்கா குனிந்து பார்த்தாள். "அம்மா தண்ணிக்குள்ள தலை வாரிட்டிருக்கிற மாதிரி இருக்குப்பா."

சித்தி போன பிறகு சித்தப்பா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

கொஞ்ச நேரத்தில் டப்பா சுட்டது. அப்புறம் புகைந்தது. துண்டை வைத்துத் தூக்குவதற்குள் டப்பா தொய்ந்து, உள்ளே படபடவென்று வெடித்தது. பழுப்பேறிய விரிசல்களுக்கு நடுவில் சீப்பு வில்லாக வளைந்து கிடந்தது. முடி எது, விரிசல் எது என்று தெரியவில்லை.

சித்தப்பா கடைக்கு போன் போட்டார். "கெட்டியா ஊத்தலைங்களே, நல்லா இளக்கித்தான் ஊத்தினேன்."

"ஐயோ, கெட்டின்னா ஆழங்க! ஒரு விரல் தடிமனுக்கு மேல ஒரே தடவையில ஊத்தினா சூடு உள்ளேயே மாட்டிக்கும். இளக்க வேற செஞ்சீங்களா? பெருசுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த இன்னொண்ணைக் குடுத்திருப்பேனே."

"சொல்லியிருக்கலாங்க," என்று சொல்லி போனை வைத்தார்.

அக்கா கட்டியைத் துண்டோடு தூக்கி அவர் மடியில் வைத்தாள். "ஊர்ப் பூட்டையெல்லாம் தொறக்கிறியே. இதையும் தொறந்து குடுப்பா."

அவர் தலையைச் சாய்த்து, கட்டியில் காதை வைத்தார். அது ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே இன்னும் டிக், டிக் என்று எங்கேயோ விரிசல் விட்டுக்கொண்டிருந்தது.