பெரிய தலை எறும்புகள்

ஆர்டர் இல்லையென்று கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களை ஒரு மாதம் நிறுத்திவைத்தபோது, ராயக்கோட்டைப் பக்கத்துக் காட்டில் எறும்பு பொறுக்கும் வேலைக்குப் போனேன். மக்கிப்போன மரக்கட்டைகளில் என்னென்ன எறும்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்க பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். கட்டையை உளியால் பிளந்து, ஓடுகிறவற்றை ஈரப் பிரஷ்ஷால் ஒற்றி, ஸ்பிரிட் ஊற்றிய குப்பியில் போடவேண்டும். எட்டாவதோடு நின்றவள் நான். ஆனாலும் இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். எனக்குப் பயப்படக் காரணமே வேண்டாம்.

கூட வந்த வனத்துறை வாச்சர் முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். “ஏம்மா, எறும்பு புடிக்கவா கூலி? எங்கூட்டு சக்கர டப்பாவத் தரேன், ஒக்காந்த எடத்துலயே புடிச்சிக்க.”

“சும்மா இருங்கண்ணா, மேடம் காதுல உழப்போவுது.”

ஐந்தாம் நாள் மேடம் அனுமதிக் கடிதத்துக்காக வன அலுவலகம் போயிருந்தார். அவர் தங்கியிருந்த அறையில் நான் குப்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கட்டைக்கு ஒரு குப்பியாக நான்கு குப்பிகள். நான்கிலும் பழுப்புநிறப் பொடி எறும்புகளோடு, உடம்பைவிடப் பெரிய தலை வைத்த சிலதும் கிடந்தன. கம்பெனியில் ஒரே டிரேயில் ரெண்டு சைஸ் ஸ்க்ரூ கிடந்தால் டிரே முழுக்க ரிஜெக்ட். லைன் முன்னால் நிற்கவைத்துக் கத்துவார்கள். ஆறு வருஷமாக நான் செய்தது அந்தப் பிரிக்கிற வேலைதான். மேடம் வருவதற்குள் பெரிய தலைகளையெல்லாம் பொறுக்கி, ஐந்தாவதாக ஒரு குப்பியில் போட்டு இறுக்கி மூடினேன்.

வந்தவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “சூப்பர் அக்கா! இது எந்தக் கட்டை?”

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும், ஏதோ தப்பு செய்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. “மூணாவது, மேடம்” என்றேன். எழுதிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் லென்ஸை என் கையில் கொடுத்தார். “சின்னது பெருசு எல்லாம் ஒரே தாய்க்குப் பொறந்ததுதான் அக்கா, ஒரே கூடு. பெருசோட தலையப் பாத்துத்தான் இதுக்குப் பேர் சொல்ல முடியும். மூணுல இத்தன, மத்த கட்டைல ஒண்ணுகூட இல்ல. ஆச்சரியமா இல்ல?”

லென்ஸில் எனக்கு எதுவும் தெரியவில்லை. சொல்லாவிட்டால் தப்பான கட்டைக்குத் தப்பான பேர் விழும். சொன்னால் இந்த வேலையும் போகும்.

காலையில் அவர் ஊருக்குக் கிளம்பினார். ஓசூர் பஸ்ஸில் ஏறி, நான் சுமந்துவந்த பெட்டிக்குக் கை நீட்டினார். என் கை பெட்டியை விடவில்லை.

“மேடம், மூணாவது மட்டும் இல்ல. நாலு கட்டையோடதும் அந்தப் பெரிய தல குப்பில இருக்கு. சைஸ் பிரிச்சிட்டேன்.”

“சைஸா?”

“எங்க கம்பெனில அப்பிடித்தான் மேடம்.”

“ஏறும்மா, இல்ல எறங்கும்மா” என்றார் கண்டக்டர்.

மேடம் இறங்கினார். காட்டுக்கு நடந்தார். நான் பெட்டியோடு பின்னாலேயே ஓடினேன்.

“திட்டுங்க மேடம்.”

“திட்டினா எறும்பு வருமா அக்கா?”

நான்கு கட்டைகளையும் மறுபடி பிளந்தோம். மூன்று கட்டைகளில் பெரிய தலைகள் கிடைத்தன. நான்காவதில் வெறும் சந்துகள்தான் மிச்சம். நாங்கள் முதலில் பிளந்ததுமே அவை கூட்டை மாற்றிக்கொண்டு போயிருக்கும் என்றார். கலந்த குப்பியை ஒதுக்கிவிட்டு, நோட்டில் நான்காவதற்கு நேரே எதையோ அடித்து எழுதினார்.

“வேற எதையாவது பிரிச்சீங்களா?”

“இல்ல மேடம்.”

“திங்கக்கெழம வாங்க.”

வேலை போகவில்லை. நான் சொன்னதும் உண்மைதான். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் பஸ் உத்தனப்பள்ளி தாண்டுவதற்குள், துடைத்த குப்பிகளை ஒவ்வொன்றாக மனதில் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஓசூரில் இறங்கியதும் மேடத்தைக் கூப்பிட போன் பூத்தைத் தேடிப் போனேன்.