தடைக்கால மேசை

திருவொற்றியூரில் ஒரு கிளை நூலகத்தில் மங்கம்மாவுக்குப் பெருக்கித் துடைக்கிற வேலை. ஒன்பது வருஷமாகிறது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனாலும் எந்தப் புத்தகம் எந்த அடுக்கில் நிற்கிறது என்பது அவளைக் கேட்டால்தான் தெரியும். தூசி தட்டும்போது ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் படித்துவிடுவாள். பிடித்துப்போனால் மறுநாளும் அதே அடுக்கில் தூசி சேர்ந்திருக்கும்.

வாசலுக்கு நேரே ஒரு மேசை. மாதத்துக்கு ஒரு பொருளில் அதில் புத்தகம் அடுக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மழைக்காலத்தில் டெங்கு, அக்டோபரில் மார்பகப் புற்றுநோய், டிசம்பரில் எய்ட்ஸ். நூலகர் ஷெர்லின் தாம்பரத்திலிருந்து இரண்டு ரயில் மாறி வருகிறவள். "அக்கா, நீங்களே பார்த்து எடுத்து வெச்சிடுங்க" என்று ஒருநாள் சொன்னாள். அப்படித்தான் அந்த மேசை மங்கம்மாவின் கைக்கு வந்தது.

ஒவ்வொரு புத்தகத்தின் மேலும் இவள் ஓர் அட்டை எழுதி ஒட்டுவாள். அக்டோபரில் எழுதியது இது: "குளிக்கும்போது ஒரு நிமிஷம் உங்களுக்காக ஒதுக்குங்கள். எப்படிப் பார்ப்பது என்று முப்பதாம் பக்கத்தில் படம் இருக்கிறது. வெட்கமாக இருந்தால் புத்தகத்துக்குச் செய்தித்தாளில் உறை போட்டுத் தருகிறோம்." அந்த மாதம் அந்தப் புத்தகம் மேசையில் தங்கவே இல்லை. அட்டையில் பெயர் போட மாட்டாள். இவள்தான் எழுதுகிறாள் என்று கணவன் எத்திராஜுக்கும் தெரியாது.

எத்திராஜ் காசிமேட்டில் லாஞ்சில் மீன்பிடிக்கப் போகிறவன். அடிக்கிறவன் இல்லை. குடியும் அளவுதான். கேள்வி கேட்பான், அவ்வளவுதான். யாரோடு பேசினாய், அவன் என்ன சொன்னான், நீ எதற்குச் சிரித்தாய். மாடியில் துணி காயப்போட ஐந்து நிமிஷம் கூடினால் படியில் வந்து நிற்பான். கடலுக்குப் போனால் வர எட்டு நாள், பத்து நாள் ஆகும். ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் அறுபத்தோரு நாள் கரையிலேயே இருப்பான். அந்த நாட்களில் அவளுக்கென்று மிஞ்சுவது நூலகத்து வேலை நேரம் மட்டும். "பேப்பர் படிக்கிறவன்லாம் வேலையத்தவன்" என்பான். உள்ளே காலெடுத்து வைத்ததில்லை.

இந்த ஏப்ரலில் மேலிடத்திலிருந்து தலைப்பு எதுவும் வரவில்லை. "என்ன வைக்கலாம் அக்கா?" என்று ஷெர்லின் கேட்டாள்.

"தடைக்காலம் மேடம். ஆம்பளைங்கல்லாம் சும்மாதான் குந்திகினு கீறாங்க. வந்து படிக்கட்டுமே."

ஊர் ஆம்பிளைகள் எல்லோரையும் நினைத்தவள், தன் வீட்டு ஆம்பிளையை நினைக்கவில்லை.

டீசல் எஞ்சின் பழுதுபார்ப்பது, புயல் சின்னம், முதலுதவி என்று தேடித் தேடி எடுத்தாள். கடைசியாக ஒரு சமையல் புத்தகம். அதன் அட்டையில் இப்படி எழுதினாள்: "அறுபத்தோரு நாளும் வீட்டுக்காரி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் மூச்சு முட்டும். ஒரு நாள் நீங்கள் குழம்பு வையுங்கள். அவள் வெளியே போய்வரட்டும்."

வலை பின்னுகிற நெல்சன் அதை உரக்கப் படித்தான். "மாமு, இங்க பாரு! நம்ம வூட்டு சமாச்சாரம் இவங்களுக்கு எப்டிடா தெரிஞ்சிது?"

"உன் பொண்டாட்டி வந்து சொல்லிகினு போயிருப்பா" என்றான் கூட வந்தவன்.

"அடப் போடா, அவ இன்னாத்துக்கு வெளிய போறா? நான் வெக்கிற கொயம்பத் துன்னா நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போவா!"

மங்கம்மா அலமாரிக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அட்டையைப் பற்றிய அந்தக் கேலிப் பேச்சு வலை பின்னும் இடம் வரைக்கும், எத்திராஜ் காதுக்கும் போயிற்று. மூன்றாம் நாள் மேசை முன்னால் எத்திராஜ் நின்றான். எழுத்துக் கூட்டி அட்டையைப் படித்தான்.

ஷெர்லின் எழுந்து வந்தாள். "மங்கம்மா அக்கா வீட்டுக்காரரா சார்? இதெல்லாம் அவங்க எழுதினதுதான். தெரியாதா?"

"தெரியாமலா மேடம்" என்று சிரித்தான்.

அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்: "ஒனக்கு மூச்சு முட்டுதா?"

"சும்மா... பொதுவா எய்தினதுங்க."

"வெளிய போவட்டும்னு எய்திகீற. எங்க போவணும் ஒனக்கு?"

அவள் ரசத்தை ஊற்றினாள். அவன் குரலை உயர்த்தவேயில்லை.

மறுநாள் காலை கூடவே கிளம்பி வந்தான். உறுப்பினர் அட்டை வாங்கினான். மேசைக்கு எதிரே மின்விசிறியின் கீழ் நாற்காலி போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. கட்டைக்குரலில் கத்திக்கொண்டிருந்த மின்விசிறியை ஏணி போட்டு ஏறிச் சரிசெய்தான். புத்தகக் கட்டுகளைத் தூக்கிக் கொடுத்தான். "உங்க மேல எவ்ளோ பாசம் அக்கா! என் வீட்டுக்காரர் என் ஆபீஸ் எந்தப் பக்கம்னே கேட்டதில்ல" என்றாள் ஷெர்லின்.

அவள் பின் அடுக்குக்குப் போனால் அவன் கையிலிருக்கும் பேப்பர் கொஞ்சம் இறங்கும். நெல்சன் வந்து, "அக்கா, அந்த எஞ்சின் புக்கு கீதா?" என்றால், "என்னாண்ட கேளு நைனா" என்று அவனே எழுந்து வருவான். தூசி தட்டுகிறபோது புத்தகத்தைப் பிரிப்பதை அவள் நிறுத்திவிட்டாள். ஜூன் பதினைந்துக்கு லாஞ்சுகள் போய்விடும். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைத்தாள்.

ஜூன் மாதத்துக்கு ரத்த தானம் என்று தலைப்பு வந்தது. மங்கம்மா இரண்டு புத்தகம் எடுத்து வைத்தாள். அட்டைக்கான வரியும் இரண்டு நாளாக மனசில் ஓடிக்கொண்டிருந்தது: ரத்தம் கொடுத்த பிறகு உங்களைப் பத்து நிமிஷம் படுக்கச் சொல்வார்கள், அந்தப் பத்து நிமிஷம் யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

பேனாவைத் திறந்தபோது எத்திராஜ் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். ஷெர்லின் காதிலும் விழும்படி சொன்னான்: "நான் கடலுக்குப் போய்ட்டா மேடத்துக்கு ஒத்தாசைக்கு ஆள் வோணுமே. என் தம்பி வெற்றிகிட்ட சொல்லிகீறன். கால் அடிபட்டதுலேர்ந்து அவன் வூட்லதான குந்திகினு கீறான். தெனம் வந்துடுவான்."

"ரொம்ப நல்லதா போச்சு சார்" என்றாள் ஷெர்லின்.

மங்கம்மா மருத்துவமனைச் சுவரில் இருப்பதையே எழுதினாள்: "ரத்த தானம் செய்வீர். உயிர் காப்பீர்."

ஷெர்லின் எடுத்துப் பார்த்தாள். "இவ்ளோதானா அக்கா?"

"இவ்ளோதான் மேடம்."

எத்திராஜ் பசை டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான்.