முருகையா மாமா நிறுத்திய ரயில்

முருகையா மாமா போய்விட்டார். இன்று விடியற்காலையில்... தூக்கத்திலேயே.

எங்கள் எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர். சொந்தக்காரர் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் அவர் மைக் பிடிக்காமல் விட்டதில்லை.

மைக் கிடைத்தால் ஒரே கதைதான். பத்தாங் மலாக்கா பக்கம் இருந்த எங்கள் பழைய ஸ்டேஷன் கதை.

முன்பெல்லாம் கை காட்டினால் ரயில் நிற்குமாம். தொண்ணூறுகளில் மூடிவிட்டார்கள். டிக்கெட் ஜன்னலில் பலகை, வெயிட்டிங் ரூமில் ஆடுகள். பெயர்ப்பலகை யார் வீட்டுக் கோழிக்கூண்டுக்கோ கூரையாகிவிட்டது. ரயில் வரும், போகும், நிற்காது.

அப்போது ஒரு மழைநாளில் அம்மாவுக்கு வலி எடுத்தது. வயிற்றில் தம்பி. மாமா லோரியைக் கொண்டுவந்து நேராகச் சேற்றில் இறக்கினார். (மைக்கில் இதை மட்டும் சொல்லவே மாட்டார்!)

அம்மாவை ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போனார்கள். மாமா சிவப்புத் துண்டை ஆட்டினார். ரயில் நின்றது. தம்பி ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தான்.

ஆனால் ரயில் மாமாவுக்காக நிற்கவில்லை! ஒற்றைத் தண்டவாளம், எதிரே இன்னொரு வண்டி, சிக்னல் சிவப்பு. ரயில் கார்டே அம்மாவிடம் சொன்னாராம்.

என் கல்யாண மேடையிலும் அதே கதை. டிரைவர் இறங்கி வந்து சல்யூட் அடித்தாராம். மாப்பிள்ளை வீட்டார் கைதட்டினார்கள்... கடவுளே.

அதையும் பொறுத்தேன். போன மாதம் மாமாவைப் பார்க்கப் போனபோது, என் ஐந்து வயது மகன் டவலைத் தூக்கிக்கொண்டு தண்டவாள வேலியை நோக்கி ஓடுகிறான். "டிரெயின ஸ்டாப் பண்ணப் போறேன்மா!"

இப்போது அதில் ஓடுவது மின்சார ரயில். பின்னாலேயே ஓடி அவனை வாரித் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அம்மாவிடம் கத்தினேன். "உண்மையைச் சொல்லித் தொலைங்களேம்மா!"

"உம்பிள்ளைய நீ பாத்துக்க. அவரு கதையில கைய வைக்காத லா."

இன்று மாமா வீட்டில், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி மகன் கேட்டான். "பாட்டி, இந்தத் தாத்தாதானே டிரெயின நிறுத்துனாரு?"

மாமாவின் மகள் அழுகையை நிறுத்திவிட்டு என் அம்மாவையே பார்த்தாள்.

"ஆமாய்யா. சிக்னல் பச்சையாத்தான் இருந்துச்சு. இவரு துண்ட ஆட்டுனாரு பாரு... நின்னுருச்சு."

பச்சையாம்!

இதோ, மகன் அந்த டவலைக் கட்டிக்கொண்டு தூங்குகிறான். வாசல் கதவை இரண்டு முறை பூட்டிப் பார்த்துவிட்டேன்.

போய் வாருங்கள் மாமா. வழியில் எந்த வண்டியையும் நிறுத்தாதீர்கள், ப்ளீஸ்...