அப்பா சரிசெய்த கார்

காட்டுத்தீப் புகைமூட்டம் முற்றிப்போய் எங்கள் ஊர் மாசாயில் பள்ளிகளை மூடியிருந்த வாரம் அது. எனக்கு ஏழு வயது. காலையிலும் எதிர்வீடு தெரியவில்லை. சூரியன் கண்கூசாமல் பார்க்கக்கூடிய ஒரு சிவப்புப் பொட்டாக நின்றது.

சாஆ என்ற ஊரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம், அங்கே காற்று நன்றாக இருக்கும் என்றாள் அம்மா. அங்கே புகை இன்னும் மோசம் என்று பெரியம்மாவே போனில் சொல்லியிருந்தார். அம்மா என் பள்ளிச் சீருடைகளையும் பையில் வைத்தாள். விடுமுறைக்கு எதற்குச் சீருடை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அப்பா இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா ஓசைப்படாமல் கேட்டைத் திறந்து, காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இஞ்சின் சுற்றியது, சுற்றியது, பற்றவே இல்லை. மறுபடியும் திருப்பினாள். அந்தப் புகைக்குள் அது யாரோ மூச்சுக்குத் திணறுவது போலக் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் வாசலில் அப்பா. குளித்து, தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையுடன் நின்றிருந்தார்.

"என்ன லா, ஸ்டார்ட் ஆகலையா?"

அப்பா கத்தி நான் கேட்டதே இல்லை. அம்மா போன் பேசினால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். கடைக்குப் போனாலும் பின்னாலேயே போவார். கொடுத்து வைத்தவள் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அம்மாவைச் சொல்வார்கள்.

அவர் நிதானமாக பானட்டைத் திறந்தார். விளக்கைப் போட்டுப் பார்த்தார். "பேட்டரி நல்லா இருக்கு." குனிந்து முகர்ந்தார். "பெட்ரோலும் வருது." ஒரு வயரைப் பிடுங்கி இரும்பருகே பிடித்து, என்னைச் சாவி திருப்பச் சொன்னார். பெருமையோடு திருப்பினேன். "பாரு, ஸ்பார்க் இல்ல. பழைய வண்டிதானே, அதுக்குப் போக இஷ்டமில்ல போல. உள்ள வாங்க, பசியாறலாம்."

கார் என்னைப் பார்ப்பது போலிருந்தது. நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன்.

அம்மா காரைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, வயர்கள் எல்லாம் போய்ச் சேரும் அந்தக் கறுப்பு மூடியைக் கழற்றினாள். வழியில் நின்றால் நீயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கல்யாணமான புதிதில் அப்பாதான் அவளுக்கு அதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். மூடிக்குள் சுழல வேண்டிய சிறு துண்டு, ரோட்டர், அங்கே இல்லை. தானாகக் கழன்று தொலையும் பொருளல்ல அது.

"பாத்தியா?" என்றார் அப்பா, சிரித்தபடி.

"பாத்துட்டேங்க," என்றாள் அம்மா.

மூடியைக் காரின் மேலேயே வைத்தாள். பையைத் தோளில் மாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு புகைக்குள் நடந்தாள். அப்பா கூப்பிடவில்லை. வீட்டு வரிசையின் கோடியைத் தாண்டியிருப்போம். பின்னால் கார் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

"அம்மா! கார் நல்லாயிடுச்சு!"

அவள் ஓடத் தொடங்கினாள். இரண்டு மஞ்சள் விளக்குகள் புகையைக் கிழிக்காமல், அவசரப்படாமல், எங்கள் வேகத்துக்கே ஊர்ந்து வந்தன. பக்கத்தில் வந்ததும் கண்ணாடி இறங்கியது.

"ஏறுங்க. பாப்பாவுக்குக் கால் வலிக்கும்ல."

நான் கதவைப் பிடிக்கக் கை நீட்டினேன். அம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தில் முகக்கவசம் போட்ட தொழிற்சாலைப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒரு மலாய்க்கார அக்கா அம்மாவைப் பார்த்தார், காரைப் பார்த்தார், நகர்ந்து எங்களைத் தங்கள் நடுவில் நிறுத்திக்கொண்டார். பஸ் வரும்வரை கார் எதிரில் உறுமியபடியே நின்றது.

அதன்பிறகு நான் சாஆவில்தான் படித்தேன். போய்ச் சேர்ந்த அன்று நல்ல காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்த கோபம் எனக்குத் தீரவே இல்லை. பெரியம்மாவிடமும் பெரியப்பாவிடமும் வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்: எங்கப்பா எவ்வளவு கெட்டிக்காரர் தெரியுமா, அம்மாவால் முடியாததை ஒரே நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்!