உயிருக்கு வரி கிடையாதுங்க!

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சேவூர் ஏகாம்பரம் வீட்டுக்கு வந்தார். பவர்லூம் வைத்திருப்பவர். எதையும் இரண்டு பேரைக் கேட்டுவிட்டுத்தான் செய்வார். மூன்றாவதாக என்னிடம் வருவார்.

"சார், வேலூர்ல ஒருத்தரு ஃபியட் வெச்சிருக்காரு. எங்கிட்ட அம்பாசடர். ரெண்டு பேரும் மாத்திக்கலாம்னு பேசிகினு இருக்கோம். பணம் கிணம் ஒண்ணும் கிடையாது. வண்டிக்கு வண்டி. ஆனா ஒரு பேஜாரு..."

"என்ன?"

"நான் வருஷம் பூராவுக்கும் டாக்ஸ் கட்டிட்டேன். அவரு மூணு மாசத்துக்குத்தான் கட்டியிருக்காரு. கண்ணாடில வெச்சிருக்கற என் டாக்ஸ் டோக்கனைக் கழட்டி நானே எடுத்துக்கலாமா?"

நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று முகம் சுருங்கிப் போயிற்று. நியாயமான கோபம்தான். ஆனால் நான் அப்போது அவர் எதிரில் இல்லை. போளூர் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் இருந்தேன். இதோ சாய்ந்துவிடப் போகிறேன் என்று ஒரு சூரியன்... கையில் ஈரத் துணியோடு ஒரு பெரியவர்...

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் ஒரு கனாக்காரன். பட்டுச் சேலை வியாபாரம் செய்கிறவன் இப்படி இருக்கலாமா என்று என் மனைவி கேட்காத நாள் கிடையாது. கடையில் சேலையைப் பிரித்துப் போட்டால் போதும், அதன் நிறத்துக்குள் இறங்கி எங்கேயோ போய்விடுவேன். வாடிக்கையாளர் விலை கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை இது. அப்போது என்னிடம் இருந்தது ஒரு ஃபியட். ஐந்து பேர் குடும்பம், அதோடு சேலை மூட்டைகள். டிக்கியில் அடங்காத மூட்டையைப் பிள்ளைகள் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். களம்பூரில் ரைஸ் மில் வைத்திருந்த ஜெயபால நயினாரிடம் ஒரு அம்பாசடர் இருந்தது. ஜைனர். மகள்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். எனக்கு அவரைப் பல வருஷப் பழக்கம்.

"எனக்கு எதுக்குங்க இவ்ளோ பெரிய வண்டி? ஒரு ஆளு குந்தறதுக்கு நாலு சீட்டு காலியா ஓடிகினு இருக்குது. இருக்கறதைக் கொறைச்சிக்கினே வரணும்னு பாக்கறேன். நீங்க எடுத்துக்குங்க. ஒங்க சின்ன வண்டிய எனக்குக் குடுங்க."

இப்படியும் ஒரு மனுஷன் பேரம் பேசுவாரா?

ஒரு காலை நேரம், மில் களத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்க, பக்கத்தில் இரண்டு வண்டிகளையும் நிறுத்தினோம். அவரவர் சாமான்களை எடுத்துக்கொண்டோம். என் வண்டியிலிருந்து பிள்ளையார், குடை, ஒற்றைச் செருப்பு. அவர் வண்டியிலிருந்து குடிதண்ணீர் வடிகட்டுகிற வெள்ளைத் துணியும் ஒரு செம்பும். கடைசியாக அவர் முன் கண்ணாடியில் இருந்த தகர வட்டத்தைத் திறந்து உள்ளே இருந்த டாக்ஸ் டோக்கனை உருவினார். வட்டத்தை மட்டும் பழையபடி மூடி வைத்தார். தகரம் வண்டியைச் சேர்ந்ததாம். காகிதம் அவரைச் சேர்ந்ததாம்.

"அது வண்டிலயே இருக்க வேணாமா?" என்றேன்.

நயினார் செம்பைக் கீழே வைத்தார்.

"நான் சொல்றதக் கேளுங்க. உயிரு ஒரு உடம்பை வுட்டு இன்னொரு உடம்புக்குப் போவுது. செஞ்ச வினை எது கூடப் போவுது? பழைய உடம்பு கூடயா? இல்ல, உயிரு கூடத்தான். இந்த வண்டி உடம்பு. நான் உயிரு. அப்ப நான் கட்டுன டாக்ஸ் யாரு கூட வரணும்?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? வேறு யாராவதாக இருந்தால் போளூர் பஸ்ஸைப் பிடித்து யாராவது விஷயம் தெரிந்தவரிடம் கேட்டிருப்பார்கள். நான் அந்தப் பேச்சின் அழகிலேயே சொக்கிப்போய் நின்றேன். களத்தில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த பெண்களின் கால்கள், தூசியில் வெயில் இறங்கிய கோடுகள், உடம்பு விட்டு உடம்பு போகிற உயிர்... நான் தலையை ஆட்டிவிட்டேன். மூன்று மாசத்துக்கே கட்டியிருந்த என் டோக்கனை எடுத்து அவர் விட்டுப்போன தகர வட்டத்துக்குள் வைத்தேன். ஃபியட்டில் வட்டம் கிடையாது. அதனால் நயினார் தன் டோக்கனை மைதாப் பசை காய்ச்சி முன் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். அழுத்தமாக. ஒரு வருஷத்துக்கான டோக்கன் அல்லவா?

பத்து நாள் கழித்துத் திருமலைக்குப் போனோம். வடமாதிமங்கலம் பக்கத்து மலை. ஜைனர்கள் கோயில். மாற்றிய வண்டிகளைக் கும்பிட்டு வரலாம் என்று நயினார்தான் கூப்பிட்டார். ஃபியட்டில் அவர். அம்பாசடரில் நானும் என் மனைவியும்.

அன்று அவருக்கு ஒரு வேளை விரதம். நாளுக்கு ஒரே ஒரு சாப்பாடு, அதையும் சூரியன் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். சூரியன் போய்விட்டால் மறுநாள் விடியும்வரை சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. நாற்பது வருஷமாக அவர் சூரியன் போன பிறகு வாய் திறந்து சாப்பிட்டது கிடையாது. மலையிலிருந்து இறங்கியதும் சாப்பிடலாம் என்று அடுக்கு டப்பாவில் இட்லி கட்டி எடுத்து வந்திருந்தார். அறுபத்தெட்டு வயசு. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வயிறு காலி.

இறங்க நேரமானது என்னால்தான். ஒளிப்பானேன்?

மலைமேல் ஒரு பாறை. கீழே பச்சைப் பச்சையாக வயல். நடுவில் ஏரி, அதன்மேல் ஒரு மேகத்தின் நிழல் மெதுவாக நீந்திப் போய்க்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம்? தெரியாது. நயினார் பக்கத்தில் வந்து நின்றதும் தெரியாது. கலைக்க மனம் வராமல் அவரும் உட்கார்ந்துவிட்டாராம்.

என் மனைவிதான் வந்து எழுப்பினாள். "இன்னாங்க இது? மனுஷன் பட்டினியா இருக்காரு, நீங்க கனா கண்டுகினு குந்திகினு இருக்கீங்க! எழுந்திருங்க ஜல்தியா!"

கீழே இறங்கினோம். "வீடு கிட்டத்தானே, களம்பூர்ல போய் நிதானமா சாப்பிடறேன்" என்றார் நயினார். சூரியன் இன்னும் ஒரு பனைமர உயரத்துக்கு இருந்தது. தாராளமாகப் போதும்.

போதும்தான்... வழியில் அந்தப் புளியமரமும் அதன் கீழே ஜீப்பும் இல்லாதிருந்தால்.

பிரேக் இன்ஸ்பெக்டர், வண்டிகளின் வரியும் காகிதமும் பார்ப்பவர். கை காட்டினார். நான் நிறுத்தினேன். பின்னால் வந்த நயினாரும் நிறுத்தினார். இன்ஸ்பெக்டருக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். வெயிலில் நாளெல்லாம் நின்ற முகம். என் டோக்கனைப் பார்த்தார். வண்டி நம்பரைப் பார்த்தார். மறுபடி டோக்கனைப் பார்த்தார். பிறகு பின்னால் நடந்துபோய் ஃபியட்டின் கண்ணாடிக்குள் குனிந்தார். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இந்த வண்டி டோக்கன் அந்த வண்டில இருக்குது. அந்த வண்டி டோக்கன் இந்த வண்டில இருக்குது. இன்னா சார் இது?"

நான் வாயைத் திறக்குமுன் நயினார் இறங்கி வந்து உடம்பு, உயிர், வினை எல்லாவற்றையும் விளக்கினார். பசியில் குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. ஆனால் விளக்கத்தில் ஒரு குறைச்சல் இல்லை.

இன்ஸ்பெக்டர் முழுவதும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கடைசியில் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"ஐயா, நீங்க சொல்றது பெரிய விஷயமாத்தான் இருக்குது. ஆனா கவர்மெண்டுல உயிருக்கு வரி கிடையாதுங்க. உடம்புக்குத்தான். ரோட்டுல ஓடறது உடம்புதானே? யாரு கட்டினாலும் சரி, கட்டின டாக்ஸ் அந்த வண்டியோடதான். வண்டி கை மாறினா அதுவும் கூடவே போவும். மிச்ச மாசத்துக்கு நீங்க ரெண்டு பேரும் உங்களுக்குள்ள பேசிக்க வேண்டியதுதான். அடுத்த டாக்ஸை வண்டி யார் கையில இருக்குதோ அவங்க கட்டணும். ஆர்.சி. புக்குல பேரையும் மாத்தணும்."

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாகச் சேலை விற்கிறேன். சேலையை மாற்றிக்கொண்டால் கரையைக் கிழித்தா எடுத்துக்கொள்வோம்? இது தோன்றாமல் போயிற்றே!

நயினார் இரண்டு வண்டிக் கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நியாயம்" என்றார். அவ்வளவுதான்.

என் டோக்கன் தகர வட்டத்திலிருந்து ஒரு நொடியில் வந்துவிட்டது. அவருடையது? மைதாப் பசை. நகத்தால் கீறினால் கிழிந்துவிடும். கிழிந்தால் நம்பரும் போய்விடும், அப்புறம் அந்த வண்டிக்கு வரி கட்டியதற்கு என்ன சாட்சி?

சூரியன் மலையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

என் மனைவிக்குத் தாங்கவில்லை. "சார், அவரு சூரியன் போனா சாப்பிட மாட்டாருங்க. நேத்துலருந்து பட்டினி" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டாள். அந்த மனிதர் பதறிப்போனார்.

"ஐயா, மொதல்ல சாப்பிடுங்க. டப்பா வண்டிலதானே இருக்குது? டோக்கனைப் பொறவு பாத்துக்கலாம். நான் எங்கியும் போவல."

"தப்பை எதிர்ல வெச்சிகினு எப்பிடிங்க சாப்பிடறது?"

"நான் எடுத்துத் தர்றேன் நயினாரே, நீங்க சாப்பிடுங்க" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"நான் ஒட்டினது. நான்தான் எடுக்கணும்."

ரோட்டோர வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நயினார் அதைத் தொடவில்லை. வடிகட்டாத தண்ணீரை அவர் எதற்கும் எடுக்க மாட்டார். தன் குடிதண்ணீர்ச் செம்பை எடுத்தார். வெள்ளைத் துணியில் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்து டோக்கனின் மேல் ஒற்றினார். காத்திருந்தார். ஓரத்தை விரலால் தொட்டார். இன்னும் ஒற்றினார்.

அந்த நேரத்தை எப்படிச் சொல்வேன்? வயலெல்லாம் பொன்னாகி நின்றது. களம்பூர்ப் பக்கம் நெல் ஏற்றிப் போன லாரியின் தூசிகூடப் பொன்னாக எழும்பி, கீழே இறங்க மனமில்லாமல் நின்றது. மடையான் கொக்குகள் வரிசையாகப் பறந்து போயின. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகான சாயங்காலத்தைப் பார்த்ததில்லை. முதல் தடவையாக, அழகு சீக்கிரம் முடியாமல் இருக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டது எனக்காக இல்லை.

ஒரு ஓரம் எழும்பியது. பிறகு பாதி. பிறகு முழுதாக, ஒரு கீறல் இல்லாமல் ஈரமாக அவர் உள்ளங்கையில் வந்து படுத்தது டோக்கன். அவர் நிமிர்ந்தார்.

மலைக்கு மேலே சூரியன் இல்லை.

"இன்னும் வெளிச்சம் நல்லாத்தான் இருக்குதுங்க. சாப்பிடுங்க ஐயா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலே மாறிவிட்டிருந்தது.

நயினார் சிரித்தார். "வெளிச்சம் இருக்குது. சூரியன் இல்லியே. டோக்கன் நம்பர்ல கடைசி எண்ணு மட்டும் தப்பா இருந்தா நீங்க வுட்டுடுவீங்களா?"

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தார். ஒரு சட்டக்காரன் இன்னொரு சட்டக்காரனைப் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது. அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீங்க மத்தியானம் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் நயினார்.

"இல்லீங்க... டூட்டி..."

அடுக்கு டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு நயினார் வண்டியில் ஏறினார். களம்பூர் வரை அந்த ஃபியட்டின் சின்னச் சிவப்பு விளக்குகளுக்குப் பின்னாலேயே மெதுவாகப் போனேன். என் கண் கலங்கியிருந்தது. என் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் விடியுமுன் இருவரும் பாலும் பழமுமாகக் களம்பூர் போனோம். சூரியன் வருகிற நேரத்துக்கு அவர் வாசலில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. நயினார் வீட்டுத் தெருவில் திரும்பினால், வாசலில் ஒரு ஜீப் நிற்கிறது!

திண்ணையில் இன்ஸ்பெக்டர். கழுவிய அடுக்கு டப்பா. ஒரு சீப்பு வாழைப்பழம். நான்கு பேரும் கிழக்கே பார்த்துக்கொண்டு பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். கூரைக்கு மேல் சூரியனின் முதல் கதிர் வந்து விழுந்ததும் நயினார் வடிகட்டிய தண்ணீரை ஒரு வாய் குடித்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"என்னாலதான் நயினாரே. மன்னிச்சிக்குங்க" என்றேன்.

அவர் ஒரு வாழைப்பழத்தை உரித்தார்.

"டோக்கன் வண்டியோட போச்சு. இட்லி இவரு கூடப் போச்சு. பசி மட்டும் பாருங்க, வழில யார்கிட்டயும் எறங்காம என்கூடவே வூடு வந்து சேந்துச்சு. நான் சொன்னது முழுக்கத் தப்பு இல்லீங்களே?"

இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வாரமே வேலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் நானும் நயினாரும் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டோம். மிச்ச மாசத்து வித்தியாசத்தை நான் கொடுக்கப் போனேன். மலையில் அந்தப் பாறைமேல் தானும் உட்கார்ந்து பார்த்தாயிற்று, அதில் கணக்குச் சரியாகிவிட்டது என்று சொல்லி நயினார் வாங்க மறுத்துவிட்டார்.

"சார்... சார்!" என்று ஏகாம்பரம் உலுக்கியபோதுதான் நான் வீட்டுக்குத் திரும்பினேன். காபி ஆறிப்போயிருந்தது.

"டோக்கனைக் கழட்டி எடுத்துக்கலாமா, வேணாமா? அதச் சொல்லுங்க."

"வண்டியிலேயே விட்டுடுங்க ஏகாம்பரம். உங்ககூட வர வேண்டியது தானா வரும்."