நான்கு கோடு போட்ட எலி

இறந்த எலியின் இடத்தில் உயிருள்ள எலியை வைத்தவள் நான். வைத்துவிட்டு, எல்லா எலிகளும் நலம் என்று பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன்.

இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. பூச்சிகொல்லிகள் சந்தைக்குப் போகுமுன் அங்கே வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் எலிகளை விட்டு, மருந்தைத் தெளித்து, பதினான்கு நாட்கள் கவனித்திருப்போம். எது எந்த எலி என்று அறிய வாலில் மைக்கோடு போடுவோம். அவை நக்கி நக்கி அழித்துவிடும். சில நாட்களுக்கொரு முறை மறுபடி போட வேண்டும். கோடு போடுவது என் வேலை.

அது டெங்கு பரப்பும் நுளம்புக்கு அடிக்கும் ஸ்பிரே. ஒன்பதாம் நாள், நான்கு கோடு போட்ட எலிக்கு நடுக்கம் கண்டது. பத்தாம் நாள் காலை, பெட்டியின் மூலையில் விறைத்துக் கிடந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பொறுப்பாளரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்! அறுத்துப் பார்த்திருப்பார்கள், சோதனையை மறுபடி தொடங்கியிருப்பார்கள்.

பக்கத்து அறையில் உபரி எலிகள் இருந்தன. ஒன்றை எடுத்து வந்து வாலில் நான்கு கோடு போட்டேன். எடையில் பதினொரு கிராம் வித்தியாசம். அதையும் சரிக்கட்டி எழுதினேன்.

மறுபடி சோதித்தால் இன்னும் எத்தனை எலிகள் சாகும், பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கருணையாம்! சும்மா கதை. தம்பியின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போக லீவு கிடைத்திருந்தது. மறுசோதனை என்றால் லீவு இல்லை. அதற்காகத்தான் செய்தேன். கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

எலி மருந்தால்தான் செத்ததா? வேறு நோயாகவும் இருக்கலாம்... அறுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யாருக்கும் தெரியாமல் ஆக்கியவள் நான்தானே!

இப்போது அந்த ஸ்பிரே வெள்ளவத்தைக் கடைகளில் கிடைக்கிறது. என் கணவர் ஒரு டின் வாங்கி வந்தபோது, அதன் மணம் எனக்கு ஒத்துவராது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வைத்தேன். என் வீட்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன், பார்த்தீர்களா?

எங்கள் எதிர் ஃபிளாட்டில் சுகந்தி இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. போன கிழமை ஒரு பின்னேரம், அவள் வீட்டுக் கதவிடுக்கால் அந்த மணம் வந்தது. போய்த் தட்டினேன். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் டின்னுடன் கதவைத் திறந்தாள்.

“பிள்ளை இருக்கேக்கயோ இதை அடிக்கிறீர்?” என்று கேட்டேன்.

“ஓம் அக்கா, டெங்குப் பயம். உங்கட லாபிலதானே இதைச் சோதிச்சவை? உங்கட வீட்டு அண்ணைதான் சொன்னவர். அந்த நம்பிக்கையிலதான் வேற ஒண்டும் வாங்கிறேல்லை.”

சொல்லிவிட வாயெடுத்தேன். வேலை போய்விடும், பெயரும் போய்விடும்... பிள்ளை என் சங்கிலியை எட்டிப் பிடித்து விளையாடியது. அதன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன்.

“ஜன்னலையாவது திறந்து வையும்” என்றேன்.

இன்றும் பின்னேரம் ஆறு மணிக்கு அந்த மணம் வந்தது. துவாயொன்றை நனைத்து மடித்து, என் வீட்டுக் கதவிடுக்கில் அடைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.