வெள்ளைத் தரை

கடைகளுக்கு உள்அலங்காரம் செய்து கொடுக்கும் அவரை வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் பளபளா என்பார்கள். அவர் போட்ட தரையில் எறும்பு நடந்தால் வழுக்கும் என்று கேலி வேறு. மனைவி இறந்து ஏழு மாதம். அன்றிலிருந்து மனிதருக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. வேலை முடிந்தாலும் விடமாட்டார். ஸ்விட்ச் கோணல், கதவு கிறீச்சிடுகிறது என்று ஏதாவது நொட்டை சொல்லி நாளைத் தள்ளுவார். வீட்டுக்குப் போக அவ்வளவு பயம்.

இந்த முறை ட்ரோன் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி. வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில், முன்பு சோபா விற்ற கூடம். தூண்களுக்கு மெத்தை கட்டினார், சுற்றிலும் வலை இழுத்தார். தரைக்குத்தான் உயிரைக் கொடுத்தார்: இணைப்பே தெரியாத வெள்ளை, ஒரு கோடு கிடையாது.

ஒப்படைக்கும் நாள் மாலை, பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு ட்ரோனை இடுப்பு உயரத்தில் நிறுத்திப் பார்த்தாள். அது நிற்கவில்லை. மெல்ல நகர்ந்துபோய் வலையில் மாட்டிக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே.

"மெஷின் கோளாறாம்மா?"

"இல்ல சார், தரைதான். அடியில இருக்கற கேமரா தரையைப் பாத்துத்தான் ஒரே எடத்துல நிக்கும். இங்க பாக்க ஒண்ணுமே இல்லையே. கறை, கீறல்னு நாலு இருந்தா நின்னிருக்கும்."

முப்பது வருஷ அனுபவசாலி தன் வெள்ளைத் தரையை ஒருமுறை பார்த்தார். பிறகு மண்டியிட்டு, கறுப்பு டேப்பைக் கிழித்துக் கிழித்துத் தரை முழுக்கக் கன்னாபின்னாவென்று ஒட்டினார். அவள் மறுபடி ஏற்றினாள். ட்ரோன் அசையாமல் நின்றது. நொட்டை சொல்ல இனி எதுவும் இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டு முன்னறையில் விளக்கைப் போட்டார். தரை மின்னியது. அங்கேதான் மனைவியின் தையல் மெஷின் இருபத்தாறு வருஷம் நின்று, நாலு காலுக்கும் பள்ளம் விழுந்திருந்தது. தேய்த்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டால், "உங்க கண்ணு தரையிலயேதான் இருக்குமா? மேல நான் ஒருத்தி உக்காந்திருக்கேன்" என்பாள். அவள் போன மறுமாதமே மெஷினை யாருக்கோ கொடுத்து, பள்ளங்களையும் இழைத்துவிட்டார். பார்த்தால் தாங்காது என்று நினைத்தார். பார்க்க ஒன்றும் இல்லாதது அதைவிடத் தாங்கவில்லை.

சட்டைப்பையில் மிச்ச டேப் இருந்தது. நாலு துண்டு கிழித்து ஒட்டினார். பிய்த்து, ஜன்னல் பக்கம் நகர்த்தி ஒட்டினார். மறுபடி பிய்த்தார். ஊரில் உள்ள கடைகளையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்தவருக்கு, அவள் உட்கார்ந்திருந்த இடம் சரியாக எங்கே என்று தெரியவில்லை.